புள்ளி நின்ற இடம்

ஹாம் (அமெச்சூர் வானொலி) நிலையங்கள் இருக்கும் இடத்தை உடனுக்குடன் வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும் ஏபிஆர்எஸ் முறையைப் பார்ப்பவர்கள், புள்ளி இருக்கும் இடத்தில்தான் வண்டியும் இருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். உண்மையில் அந்த நிலையம் கடைசியாக எங்கிருந்து பேசியது பிறர் காதில் விழுந்தது என்பதை மட்டுமே புள்ளி சொல்லும். ஓசூர்–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் இது பளிச்சென்று தெரியும். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில், பெங்களூரு இருக்கும் அதே மேட்டுநிலத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி ஏறத்தாழ 500 மீட்டரில். 144 மெகாஹெர்ட்ஸ் அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில்தான் போகும். சூளகிரி தாண்டி மேலுமலைக் கணவாயில் இறங்கினால் பெங்களூரு பக்கத்தில் கேட்கும் நிலையங்களை மலை மறைத்துவிடும். கீழே கேட்க ஆளில்லாவிட்டால் வண்டி குருபரப்பள்ளியைக் கடந்த பிறகும் புள்ளி மேட்டிலேயே நிற்கும். அதனால்தான் புள்ளியைவிட, இருப்பிடத்தைச் சுமந்துவரும் பாக்கெட் வந்த வழியை முதலில் படிக்க வேண்டும் என்கிறேன். எந்த டிஜிபீட்டர் அதைக் கேட்டுத் திரும்ப அனுப்பியதோ, அதன் கால்சைனுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். நட்சத்திரமே இல்லையென்றால், பிடித்த நிலையம் நேரடியாகவே கேட்டிருக்கிறது.

புள்ளி நின்றுபோனால் பலர் பீக்கன், அதாவது தானாகப் போகும் இருப்பிட பாக்கெட், அனுப்பும் இடைவெளியைக் குறைக்கிறார்கள். பத்து விநாடிக்கு ஒன்று அனுப்பினால் ஏதாவது ஒன்று போய்ச்சேரும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் எல்லோருக்கும் இருப்பது ஒரே அலைவரிசை. நொடிக்கு 1200 பிட் வேகத்தில், டிரான்ஸ்மிட்டர் நிலைகொள்ளும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு பாக்கெட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு விநாடி ஆகும். மலைக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும் ஒருவரையொருவர் கேட்க முடியாதவர்கள் இஷ்டப்படி அனுப்பினால், கோட்பாட்டின்படி மொத்த நேரத்தில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் உருப்படியாகும். அதாவது நிமிடத்துக்குப் பத்துப் பதினொரு பாக்கெட். ஆறு வண்டிகள் பத்து விநாடிக்கு ஒன்றாக அனுப்பினாலே நிமிடத்துக்கு 36. டிஜிபீட்டர் மறுபடி சொல்வது அதற்கு மேல். பீக்கன் வந்துசேர்ந்ததா என்று பதில் சொல்லும் ஏற்பாடும் இல்லாததால், மோதி அழிந்ததை அனுப்பியவர் அறியவே மாட்டார். ஓடும்போது ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒன்று, வளைவில் திரும்பினால் கூடுதலாக ஒன்று, நிற்கும்போது அரைமணிக்கு ஒன்று போதும். மிச்சமாகும் முயற்சியைக் கேட்கும் நிலையங்களில் போட வேண்டும். மலையுச்சியில் ஒரு டிஜிபீட்டர் வைத்தால் தீராதா என்று கேட்பார்கள். உச்சியில் இருப்பது பெங்களூரு நெரிசலையும் சேர்த்தே கேட்டுத் திணறும். கணவாய்க்குக் கீழே, பாதையில் வைட்1-1 என்று கேட்கும் பாக்கெட்டை மட்டும் திரும்ப அனுப்பும் சிறிய நிலையமே இங்கே பொருத்தம்.

கைபேசியிலேயே இருப்பிடத்தைப் பகிரலாமே, இதெல்லாம் எதற்கு என்பதும் நியாயமான கேள்விதான். அன்றாடத்துக்குக் கைபேசி போதும், மறுக்கவில்லை. ஆனால் தளி, அஞ்செட்டி காட்டுப் பகுதிகளில் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. மழை வெள்ளத்தில் மின்சாரம் போய் டவர் ஓய்ந்தாலும் அதே கதி. டிஜிபீட்டருக்கு ஒரு பேட்டரி இருந்தால் போதும், இணையம் வேண்டாம். இந்த முறையை உருவாக்கிய பாப் புருனிங்காவும் 2022-ல் மறையும்வரை, இது வண்டியைத் துரத்தும் கருவி அல்ல, அந்தந்த வட்டாரத்தில் அப்போது நடப்பதைப் பகிர்ந்துகொள்ளும் வழி என்றே வலியுறுத்தினார். ஆகவே பாக்கெட்டில் இருப்பிடத்தோடு, எந்த அலைவரிசையில் உங்களைக் குரலில் பிடிக்கலாம் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். புள்ளி மேலுமலையில் நின்றுபோனாலும், கூப்பிட்டுப் பார்க்க ஒரு இடம் இருக்கும்.