நாய்க்குட்டி வேணுமா, இப்பவே வேணுமா?

வயித்துல பிள்ளை இருக்கும்போது வீட்டுக்கு நாய்க்குட்டி கொண்டு வரலாமா என்று கூகுளில் தேடிப் பாருங்கள். வரும் பதில்கள் எல்லாமே ஏதோ ஒரே வீட்டை மனசில் வைத்து எழுதியது மாதிரி இருக்கும். அந்த வீட்டில் பிள்ளைக்குத் தனி அறை உண்டு. அறைக்குக் கதவு உண்டு. கதவில் நாய் தாண்டாத மாதிரி ஒரு சின்ன கேட் போடச் சொல்வார்கள். நாய் ஓடி விளையாட வேலி அடித்த தோட்டம் வேண்டும் என்பார்கள். (அவங்க சொல்ற தோட்டம் வேற, நாம சொல்ற தோட்டம் வேற.)

நாங்கள் இருப்பது வலப்பனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, பின்னால் அப்பா உயிரோடு இருந்தப்ப தகரம் அடித்து நீட்டிவிட்ட குசினி. இதற்குள் அம்மா, அம்மாயி, தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் அக்கா, லீவு விட்டால் நான். அந்தக் கேட்டை எங்கே போடுவது என்று நிஜமாவே யோசித்துப் பார்த்தேன். அம்மாயியைச் சுற்றித்தான் போட வேண்டும்.

அக்காவுக்கு ஏழாவது மாசம். மச்சான் வெள்ளவத்தையில் ஒரு பலசரக்குக் கடையில் நிற்கிறார். மாசத்துக்கு ஒரு தடவை வருவார், தீபாவளி, பொங்கல் மாதிரி கடை நெருக்கடியான காலத்தில் அதுவும் இல்லை. அவர்கூட வேலை செய்கிறவர் வீட்டில் நாய் ஐந்து குட்டி போட்டிருக்கிறது. ஏதோ கிராஸாம். வெள்ளையும் பழுப்புமாக, காது மடிந்து, பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, "இது நம்ம புள்ளைக்குத்தான்" என்று ஒரு வொய்ஸும் போட்டுவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் ரெண்டு கட்சி.

அம்மா கட்சி: "புள்ள பொறக்கப் போற வீட்டுல நாய் எதுக்கு? முடி பறந்தா சளி புடிக்கும். கக்குவானெல்லாம் வரும்." அம்மாயி கட்சி: "வைரவர் வாகனம்டி அது. வீட்டுல கெடந்தா காத்து கருப்பு அண்டாது." அக்கா எந்தக் கட்சியிலும் பேசவில்லை. ஆனால் ஃபோனை எடுத்து எடுத்து அந்தப் படத்தைப் பார்க்குது. கடைசியில் தீர்ப்புச் சொல்லும் வேலை என் தலையில் வந்து விழுந்தது. "நீதானே கெம்பஸ் போற, பார்த்துச் சொல்லு" என்றது அம்மா. நான் பேராதனையில் சமூகவியல் படிக்கிறேன். அதுக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அம்மாவுக்குக் கோபம் வரும். அதனால் தேடினேன்.

முதலில் சளி விஷயம். இதில் அம்மா சொன்னதற்கு நேர்மாறாகத்தான் கிடைத்தது. பின்லாந்தில் 397 பிள்ளைகளை, பிறந்ததிலிருந்து ஒரு வயசு வரைக்கும் வாராவாரம் கவனித்து எழுதி 2012இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாய் இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சளி, இருமல், காதுவலி குறைவாக வந்திருக்கிறது. அதிலும் நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே கிடக்கும் நாயை விட, வெளியே திரிந்துவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளே வந்து போகும் நாய் இருந்த வீடுகளில்தான் கூடுதல் பலன். வெளி மண்ணையும் கிருமியையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டு வருவதால் பிள்ளையின் உடம்பு சீக்கிரமே பழகிக்கொள்கிறது என்று நினைக்கிறார்கள். சுவீடனில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை வைத்து 2015இல் வந்த ஆய்வு, முதல் வருஷத்தில் வீட்டில் நாய் இருந்தவர்களுக்குப் பள்ளிக்கூட வயசில் ஆஸ்துமா வரும் வாய்ப்பு 13 வீதம் குறைவு என்கிறது.

இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அம்மா கேட்டுச்சு: "அங்க பனி, கதவ சாத்திக்கிட்டு இருப்பாங்க. நம்ம புள்ளைங்களுக்குக் கிருமி பத்தாமயா இருக்கு?"

இதுக்கு என்னிடம் பதில் இல்லை. லயத்து வாசலில் தவழ்ந்து வளர்ந்த யாருக்கும் கிருமிப் பஞ்சம் வந்ததில்லை. அந்த ஆய்வுகள் சுத்தம் அளவுக்கு மீறிப்போன வீடுகளுக்கு ஒரு நல்ல சேதி. எங்களுக்கு அது சும்மா ஒரு ஆறுதல்.

எங்கள் வாசலில் உண்மையான கவலை புழு. தாய் நாயின் வயிற்றில் இருக்கும்போதே வட்டப்புழு குட்டிக்குப் போய்விடும், பாலிலும் போகும். அதனால் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும், மருந்து கொடுக்காத குட்டி அநேகமாகப் புழுவோடுதான் வரும். அதன் பீயில் வெளியேறும் முட்டை மண்ணில் ரெண்டு, மூன்று வாரம் கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வருகிறது. மண்ணை அள்ளி வாயில் போடுகிற வயசுப் பிள்ளைதான் அதற்கு முதலில் மாட்டும். நல்ல பக்கம் என்னவென்றால், அன்றைக்குப் போட்டதை அன்றைக்கே அள்ளிப் புதைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. குட்டிக்கு ரெண்டு வாரத்திலிருந்தே பூச்சி மருந்து கொடுக்க ஆரம்பிக்கலாம். கெட்ட பக்கம், எங்கள் வாசல் எங்களுடைய வாசல் மட்டும் இல்லை. பத்துக் குடும்பத்துக்கும் ஒரே நீட்டு வாசல். எல்லார் வீட்டு நாயும் அங்கேதான் இருக்கும்.

விசர்நாய்க் கடியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இதற்காக 1893லேயே சட்டம் போட்ட நாடு நம்முடையது. 1973இல் இந்த நோயால் 377 பேர் செத்திருக்கிறார்கள். இப்போது வருஷத்துக்கு இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. இறங்கியதற்குக் காரணம் நாய்களுக்குப் போட்ட தடுப்பூசியும், கடிபட்டவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகப் போடும் ஊசியும். நோய்க்குறி தெரிய ஆரம்பித்தால் பிறகு காப்பாற்ற முடியாது என்பதால் ஒரு சாவுகூடச் சின்ன விஷயம் இல்லை. விசர்நாய் என்று சந்தேகப்படும் மிருகங்களிடம் கடிபடுகிறவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயசுக்குக் குறைந்த பிள்ளைகள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சின்னப் பிள்ளை கடிபட்டதைச் சொல்லாது, சொல்லவும் தெரியாது.

கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸிடம் அக்கா கேட்டிருக்கு. மிஸ் பயமுறுத்தவில்லையாம். நாய் இருக்கலாம், ஆனால் ஊசி போட்டிருக்கணும், பூச்சி மருந்து கொடுத்திருக்கணும், பிள்ளை முகத்தையும் கையையும் நக்க விடக் கூடாது, நாயையும் பிள்ளையையும் தனியாக விட்டுட்டு பீலிக்குப் போகக் கூடாது. கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு, ஓடுற தண்ணியில் பதினஞ்சு நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரி. வயித்துல பிள்ளை இருந்தாலும் அந்த ஊசியைப் போடலாம். கஞ்சாம்பு, மஞ்சள் என்று எதையும் அப்பிக்கொண்டு வரக் கூடாது.

ஆக, மருத்துவக் கணக்கில் "கூடாது" என்று யாரும் சொல்லவில்லை. தீர்ப்பை அங்கேயே எழுதியிருக்கலாம். ஆனால் மச்சான் வேறு ஒரு காரணம் வைத்திருந்தார்: காவல். "ராவுல பொம்பளைங்க மட்டும் இருக்கீங்க. புலி வேற திரியுது. நாய் இருந்தா கொலைக்கும்ல."

இந்த ஒரு விஷயத்தில் மச்சானுக்குக் கொழும்பு ஏறிவிட்டது. மலைப்பக்கம் சிறுத்தை லயத்துக்கு வருவதே பெரும்பாலும் நாயைத் தேடித்தான். 2020 மே மாசம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டத்தில் மரக்கறிப் பாத்தி ஓரம் கட்டிய கம்பிச் சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டி, உடவளவைக்குக் கொண்டு போயும் பிழைக்காமல் செத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த அளவுக்கு ஆள் நடமாட்டத்துக்குப் பக்கத்தில்தான் அவை வாழ்கின்றன. இஸ்தோப்பில் கட்டிப்போட்ட மூணு மாசக் குட்டி அதற்குக் காவல்காரன் இல்லை, ராச்சாப்பாடு. பணிய லயத்தில் போன வருஷம் ரெண்டு நாய் அப்படித்தான் காணாமல் போனது. குட்டியைக் காப்பாற்றணும் என்றால் ராவில் காம்பராவுக்குள் போட்டுக் கதவைச் சாத்த வேண்டும். அங்கே ஏற்கெனவே நாலு பேர் படுக்கிறோம், இனி அஞ்சாவதாக ஒருத்தர் வரப் போகிறார்.

பிறகு நான் ஒரு கொப்பித் தாளில் கைகளை எண்ணினேன். யார் கை எப்போது சும்மா இருக்கும் என்று.

அம்மா காலையில் பெரட்டுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வரும். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய் என்று ஆனது, ஆனால் கிலோ குறைந்தால் அரைப்பேர்தான். அதனால் இடையில் வீட்டுக்கு வந்து பார்க்க முடியாது. அம்மாயிக்கு முழங்கால் வலி, குனிந்து எதையும் அள்ள முடியாது. நான் பேராதனையில். மச்சான் வெள்ளவத்தையில். மிச்சம் இருப்பது அக்காவின் ரெண்டு கை.

குட்டிக்கு இப்போது ஒன்றரை மாசம். அந்த வயசில் ஒரு நாளைக்கு மூணு, நாலு தடவை சாப்பாடு, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது வெளியே விடணும். பிள்ளை பிறக்கும்போது குட்டிக்கு மூன்றரை மாசம். நாலிலிருந்து ஆறு மாசம் வரைக்கும் குட்டிக்குப் பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும், கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கும். அதாவது பச்சைப் பிள்ளை நாளைக்கு எட்டு, பத்து தடவை பால் குடித்து, இடையில் அழுது, யாரையும் தூங்க விடாமல் இருக்கும் அதே மாசங்களில் நாய் செருப்பையும் நாப்கினையும் கடித்து இழுத்துக்கொண்டிருக்கும். ஒரே நேரத்தில் ரெண்டு கைக்குழந்தை. குட்டியைக் கொண்டு வருவது மச்சான், வளர்ப்பது அக்கா. "நம்ம புள்ளைக்குத்தான்" என்று வொய்ஸில் சொன்னது அழகாகத்தான் இருந்தது. ஆனால் பிறந்து மூணு மாசத்துப் பிள்ளை நாயோடு விளையாடாது.

வளர்க்க முடியாமல் போனால் என்ன நடக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். கடைவீதியில், சந்தைக்குப் பின்னால், தேயிலைக்கு நடுவில் சாக்கோடு கிடக்கும் குட்டிகளை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதிலும் பொட்டக் குட்டிகள்தான் அதிகம். மச்சான் அனுப்பிய படத்தில் இருந்ததும் பொட்டைதான்.

தாளை அக்காவிடம் காட்டினேன். நல்லா வாசிச்சுச்சு. பிறகு சொன்னுச்சு: "எனக்கு இதெல்லாம் தெரியும் பாப்பா. அம்மா மலைக்குப் போனதுக்கப்புறம் பேச ஆள் இல்ல. அம்மாயி தூங்கிரும். ஏதாவது ஒண்ணு கூட சுத்திக்கிட்டு இருந்தா நல்லா இருக்கும்னுதான்."

நான் தேடிப் படித்த எதிலும் இந்த வரி இல்லை. கிருமி, புழு, பல், கிலோ என்று எல்லாவற்றையும் எண்ணினேன், இதை எந்தப் பத்தியில் எழுதுவது? கலியாணம் பண்ணி ரெண்டு வருஷத்தில் புருஷனோடு சேர்ந்து இருந்த நாட்களை எண்ணினால் நாலு மாசம் வராது. அந்தத் தனிமைக்கு மச்சான் கண்டுபிடித்த பதில் ஒரு குட்டி. கெட்ட மனசில் செய்யவில்லை. அவரால் அனுப்ப முடிந்தது அதுதான், லீவை அனுப்ப முடியவில்லை. மலையகத்தில் இந்த வயசுப் பையன்களில் பாதிப் பேர் கொழும்பில்தான் நிற்கிறார்கள் என்று தோன்றும். லயத்தில் பகலில் மிஞ்சுவது கிழவிகளும், பிள்ளைத்தாச்சிகளும், நாய்களும்தான்.

அன்றைக்கு ராத்திரி அக்காவே மச்சானுக்குக் கோல் எடுத்துச்சு. குட்டி இப்போது வேண்டாம், பிள்ளை எழும்பி நடக்கட்டும், அதற்குப் பிறகு பார்ப்போம். அதுவும் சின்னக் குட்டியாக வேண்டாம், பீ, மூத்திரம் பழகின ஒரு வயசு நாயாக இருந்தால் நல்லது. குட்டியைக் கொண்டு வர வைத்திருந்த ரெண்டு நாள் லீவைச் சேர்த்து வைத்து, பிரசவத்துக்கு ஒரு கிழமை முழுசாக வந்து நிற்கணும். மச்சான் கொஞ்சம் முகம் சுருங்கித்தான் கேட்டார், வீடியோ கோலில் தெரிந்தது. முதலாளியிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். குட்டி சிலாபத்துக்காரர் ஒருத்தருக்குப் போய்விட்டதாக அடுத்த வாரம் செய்தி வந்தது. அக்கா படத்தை இன்னும் அழிக்கவில்லை.

எங்கள் லயத்தில் மணி என்று ஒரு செம்பழுப்பு நாய் இருக்கிறது. ஆறேழு வயசு இருக்கும். யாருடையது என்று கேட்டால் எல்லாரும் பக்கத்து வீட்டைக் காட்டுவார்கள். சோறு மட்டும் எல்லா வீட்டிலும் தின்னும். நான் லீவு முடிந்து கிளம்புவதற்கு முந்தின நாள், கோயிலடியில் நாய்களுக்கு விசர் ஊசி போட வந்திருந்தார்கள். யாரும் மணியைக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரித் தெரியவில்லை. நானும் பக்கத்து வீட்டுப் பையனும் அதன் கழுத்தில் சேலைத் துண்டைக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். அக்காவும் வயித்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே மெதுவாக நடந்து வந்துச்சு. ஊசி போட்டுவிட்டு அட்டை எழுதுகிறவர், "நாய்க்குச் சொந்தக்காரர் பேர்?" என்று கேட்டார். நான் அந்தப் பையனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான்.

அக்கா தன் பேரைச் சொன்னுச்சு. அட்டை இப்போது கிளினிக் கொப்பிக்குள் இருக்கிறது. அடுத்த ஊசி வருகிற வருஷம் இதே மாசம். பூச்சிக் குளிசைக்கு அம்மாவிடம் காசு கேட்டதற்கு ஒரு நாள் முழுக்க என்னைத் திட்டிவிட்டு, சாயங்காலம் கொடுத்துச்சு.