அறுந்த முத்துமாலை

ஜேர்மனியின் தென்கோடியில், ஆல்ப்ஸ் மலைத்தொடரை நோக்கியவண்ணம் பரந்து கிடக்கின்றது கொன்ஸ்ரன்ஸ் ஏரி. ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, ஒஸ்திரியா ஆகிய மூன்று நாடுகள் அதன் கரையைப் பங்கிட்டுக்கொண்டுள்ளன. வடகரையிலுள்ள ஊபர்லிங்கன் என்னும் சிறு நகருக்குச் சென்றிருந்தபோது, அப்பிள் தோட்டங்களையும் திராட்சைச் சரிவுகளையும் கண்டு மகிழ்ந்தேன். ஆனால், நகருக்குப் புறத்தே ஒரு புல்வெளியிற் கண்ட காட்சி அம்மகிழ்ச்சியை மாற்றிவிட்டது. பெரிய உலோக உருண்டைகள் அங்கே சிதறிக் கிடந்தன. அறுந்த முத்துமாலையின் மணிகளாக அவற்றை அமைத்திருக்கின்றார்கள். வானத்தில் மாண்ட 71 பேரின் நினைவுச் சின்னம் அது.

2002-ஆம் ஆண்டு யூலை 1-ஆந் திகதி இரவு, மொஸ்கோவிலிருந்து பார்சிலோனாவுக்கு ருஷ்ய விமானமொன்று சென்றுகொண்டிருந்தது. அதிலிருந்த 69 பேரிற் பெரும்பாலோர் ஊஃபா நகரத்துப் பிள்ளைகள். விடுமுறையைக் கழிக்கப் புறப்பட்டவர்கள். இத்தாலியிலிருந்து புருசெல்சுக்குச் சரக்கேற்றிச் சென்ற மற்றொரு விமானத்தில் விமானிகள் இருவர் மட்டுமே இருந்தனர். இரண்டும் 36,000 அடி உயரத்தில் ஒன்றன் பாதையை மற்றொன்று குறுக்கறுக்க வந்தன. கீழே கிடந்த நிலம் ஜேர்மனிக்குரியது. மேலே வானைக் கண்காணித்ததோ சுவிஸ் நாட்டின் சூரிச் நிலையம். அங்கு அப்பொழுது பணியில் இருந்தவர் ஒருவரே. திருத்தவேலை காரணமாகக் கருவிகள் சிலவும் தொலைபேசி இணைப்பும் வழமைபோல் இயங்கவில்லை.

இனி, ருஷ்ய விமானியின் ஆசனத்தில் நம்மை இருத்திப் பார்ப்போம். 'இறங்குக' என்று தரையிலிருந்து கட்டளை வருகின்றது. சில விநாடிகளில் விமானத்திலுள்ள மோதல் தடுப்புக் கருவி, 'ஏறுக' என்று கூறுகின்றது. இக்கருவி எதிர் விமானத்தின் கருவியோடு தானே தொடர்புகொண்டு, ஒன்றை ஏறவும் மற்றொன்றை இறங்கவும் பணிக்கும். அது பணித்ததைத் தரையிலிருப்பவர் அறியார். இரு குரல்களுள் எதற்குப் பணிவது? சரக்கு விமானி கருவியின் சொற்படி இறங்கினார். ருஷ்ய விமானி தரையின் சொற்படி இறங்கினார். இருவரும் பணிந்தே நடந்தனர், பணிந்தே மாண்டனர்.

பிழை விதியிலும் இருந்தது. ருஷ்ய விமானத்தின் கைந்நூல், தரைக் கட்டுப்பாட்டையே முதன்மையாகவும் கருவியைத் துணையாகவும் கொண்டிருந்தது. சர்வதேச விதிகளோ தெளிவற்றுக் கிடந்தன. அவை ஒருசீராக இல்லையென்றும், நிறைவற்றும் ஓரளவு முரண்பட்டும் இருந்தனவென்றும் 2004-இல் வெளிவந்த ஜேர்மன் விசாரணை அறிக்கை எடுத்துரைத்தது. அதற்கு முன்பே, 2001 சனவரி 31-இல், யப்பானிய வானில் 600-க்கு மேற்பட்டோரைச் சுமந்த இரு விமானங்கள் இதே குழப்பத்தால் மயிரிழையில் தப்பியிருந்தன. அந்த எச்சரிக்கைக்குப் பின்னரும் விதி திருந்தவில்லை. ஊபர்லிங்கன் துயரத்தின் பின், 2003 நவம்பரிலேதான், கருவியின் கட்டளையையே விமானி பின்பற்றல் வேண்டுமென்பது ஐயத்துக்கிடமின்றி வகுக்கப்பட்டது.

துயரம் அத்துடன் ஓயவில்லை. அவ்விரவு பணியிலிருந்த கட்டுப்பாட்டாளரை, மனைவியையும் இரு மக்களையும் இழந்த ஒருவர் 2004-இற் கொன்றார். விதிகளின் குறைக்குரிய பழியும் தனியொரு மனிதர் தலையிலே சுமத்தப்பட்டது.

நாள்தோறும் மாணவர்க்கு, 'சொன்னபடி செய்' என்று கூறுபவன் நான். சொல்வோர் இருவராகி, சொல்லும் இரண்டாகிவிட்டால் கேட்போன் என்செய்வான்? அம்மணிகளிடையே நின்றபோது இக்கேள்வியே என் நெஞ்சை உறுத்தியது. கட்டளையிடும் பெரியோர் முதலில் தம்முள் ஒன்றுபடுதல் வேண்டும்.