ஓலைப்பட்டையும் முருகைக்கல்லும்

எங்கள் வீட்டில் தண்ணீர் இரண்டு விதம். கிணற்றில் இறைப்பது உப்புத் தண்ணி, தெருக்குழாயில் பிடிப்பது நல்ல தண்ணி. இரண்டையும் மாற்றிப் புழங்கிவிட்டால் ஆச்சிக்குப் பொல்லாத கோபம் வரும். குளிக்க, துவைக்க, வாசல் தெளிக்க எல்லாம் கிணறுதான். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. ஆகவே தலைக்குச் சீயக்காய், மேலுக்குக் கடலைமாவு. பருப்பும் அதில் வேகாது என்பதால் சமையலுக்கு மட்டும் குழாய்த் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, துணியால் வேடுகட்டி அடுக்களை மூலையில் வைத்திருப்பார்கள். அரிசி களைந்த தண்ணீர் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போகும். மீன் கழுவிய தண்ணீர் முருங்கை மூட்டுக்கு. பாத்திரம் விளக்கிய தண்ணீர் ஓடி விழுகிற இடத்தில் ஒரு வாழை நின்றது. அந்த வாழைக்கென்று தனியாக யாரும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை.

“குரூஸ் பர்னாந்து இல்லேன்னா இந்தத் தண்ணியும் கெடையாதுல” என்று குடம் நிறைவதற்குள் ஒருதடவையாவது சொல்லிவிடுவாள் ஆச்சி. தூத்துக்குடி நகராட்சியின் தலைவராக இருந்தவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாய் வழியே ஊருக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர். 1927-ல் அது வந்து சேர்ந்தது. மூன்று பக்கம் உப்பளமும் ஒரு பக்கம் கடலுமாகக் கிடந்த ஊரில் ஆற்றுத் தண்ணீர் வந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்த தலைமுறை ஆச்சியுடையது. அதற்கு முந்தைய காலத்தைச் சொல்லும்போது பயத்தில் குரலே மாறிவிடும். அந்தப் பயம்தான் எங்கள் வீட்டுத் தண்ணீர்ச் சட்டத்தை எழுதியது. சுற்றுச்சூழல் என்ற சொல்லை அவள் காதால் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை.

தண்ணீர் அப்படியென்றால், பனை வேறு மாதிரி. பனை பற்றாக்குறை இல்லை, தாராளம். ஊரைத் தாண்டித் திருச்செந்தூர் சாலையில் போனால் தேரிக்காடு வரைக்கும் பனைதான். கறிக்கடையில் கறி ஓலைப்பட்டையில் வரும். மீன்காரி தலையில் கடகப்பெட்டி. உடன்குடியிலிருந்து வருகிற கருப்பட்டி ஓலைச் சிப்பத்தில் வரும். சிப்பத்தைப் பிரிக்கும்போது ஓலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் துணுக்குகளுக்காக நானும் தம்பியும் அடித்துக்கொள்வோம். வெற்றிலை வைக்க ஒரு கொட்டான், காசு வைக்க மூடிபோட்ட ஒரு சின்னப் பெட்டி, கச்சான் காற்று வராத மத்தியானங்களில் ஓலை விசிறி. கல்யாண வீட்டுப் பலகாரம்கூட நார்ப்பெட்டியில்தான் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போகும். பெட்டி வெறுமனே திரும்பி வராது, அவர்கள் வீட்டுப் பண்டம் ஏதாவது வைத்துத்தான் வரும். கிழிந்த பெட்டி அடுப்புக்குள் போய்விடும். எங்கள் தெருவில் குப்பைத்தொட்டி என்று ஒன்று இருந்ததாகவே எனக்கு ஞாபகமில்லை.

பங்குனி பிறந்துவிட்டால் காலையிலேயே பதனிக்காரர் சைக்கிளில் வந்துவிடுவார். குருத்தோலையை இரண்டு மடிப்பு மடித்து ஓரத்தைக் கீற்றால் முடிந்து, கண் மூடித் திறப்பதற்குள் பட்டை பிடித்துக் கையில் கொடுப்பார். அதில் பதனியை ஊற்றி, நுங்கையும் நசுக்கிப் போட்டால் ஓலை வாசனையும் சேர்ந்து ஒரு ருசி. அந்த ருசியைக் கண்ணாடித் தம்ளரில் கொண்டுவர முடியாது, முயன்று பார்த்துவிட்டேன். குடித்து முடித்த பட்டையைத் தின்பதற்கு ஆடு பக்கத்திலேயே நிற்கும்.

கருப்பட்டியைப் பற்றி ஊரில் இப்போது பேசுகிற பேச்சைக் கேட்டால் ஆச்சி சிரித்திருப்பாள். எவ்வளவு தின்றாலும் சர்க்கரை ஏறாது என்கிறார்கள். அது ஏறும். கருப்பட்டியும் இனிப்புதான், இரும்புச் சத்தும் மற்றதும் கொஞ்சம் கூட இருக்கிறது என்பதால் நீரிழிவுக்காரருக்கு அது மருந்தாகிவிடாது. ஆச்சி நாளைக்கு இரண்டு வேளை கருப்பட்டிக் காப்பி குடித்தாள், உளுந்தங்களியில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் போட்டுச் சாப்பிட்டாள், ஆரோக்கியமாகவும் இருந்தாள் என்பது உண்மை. ஆனால் அவள் கிரேட் காட்டன் ரோட்டிலிருந்து திரேஸ்புரத்துக்கு நடந்து போய் மீன் வாங்கி நடந்தே வருவாள். பனிமய மாதா கோவில் திருவிழாவுக்கும் நடை, சிவன் கோவிலுக்கும் நடை. ராத்திரிச் சாப்பாடு விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். நடையை விட்டுவிட்டுக் கருப்பட்டியை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் குடும்பத்துக் கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உப்பும் அப்படித்தான். கல்லுப்பு வண்டியில் வரும், படியில் அளந்து கொட்டுவார்கள். காய்ச்சல் தொண்டைக்கு உப்புத் தண்ணீர், பல்லுக்கு உப்பும் கரியும், திருஷ்டிக்கும் உப்பு. 2006-ல் அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக்கூடாது என்று சட்டம் வந்தபோது ஊரில் முணுமுணுப்பு இருந்தது. முன்கழுத்துக் கழலையை நேரில் பார்த்தவர்கள் முணுமுணுக்கவில்லை. அந்த விஷயத்தில் நான் சட்டத்தின் பக்கம். ஆனால், இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு விளையும் மாநிலத்தில் உப்புக்கு முதலிடம் பிடிக்கிற எங்கள் ஊரிலேயே, கண்ணாடிக் கதவு போட்ட கடையில் இமயமலை இளஞ்சிவப்பு உப்பைப் பளபளப்பான பொட்டலத்தில் அடுக்கி வைத்திருப்பதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அதைவிட, வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் கூசக் கூச, வெடித்த பாதத்தோடு நின்று அதை வாருகிற பெண்களின் ஆரோக்கியம் எந்த ஆரோக்கியப் பேச்சிலும் வருவதில்லை.

இதுவரைக்கும் சொன்னதை வைத்து அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது எழுந்தால், அவரை ஆச்சி வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

முழம் கனத்தில் சுவர். மேலே பனங்கை போட்டு மச்சு. சித்திரை வெயிலிலும் உள்ளே போனால் குளுகுளுவென்றிருக்கும். கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டித் தண்ணியும் ஊற்றி அரைத்த சுண்ணாம்புச் சாந்து. கையால் தடவினால் முட்டை ஓட்டைத் தடவியது போல வழுக்கும். இன்றைக்கு இயற்கைக் கட்டடக்கலை என்று சென்னையில் வகுப்பெடுக்கிறார்களே, அவர்கள் படம் எடுத்துப் போகிற சுவர் அது. எங்கள் ஊரில் சுண்ணாம்பு எதில்தான் இல்லை? பதனி புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவார்கள். வெற்றிலையில் சுண்ணாம்பு. பூச்சி கடித்த இடத்தில் சுண்ணாம்பு. பொங்கலுக்கு வீடு பூராவும் சுண்ணாம்பு.

அதில் பெரும்பங்கு கடலிலிருந்து வந்தது. சிப்பி கொஞ்சம், மீதி முருகைக்கல். தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறையைக் கடப்பாரையால் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவந்து கரையில் குவிப்பார்கள். அந்தக் குவியலில் ஏறி விளையாடியிருக்கிறோம். கல் முழுக்க நட்சத்திரம் நட்சத்திரமாகப் பூ வேலை; சில கல் மூளையை வெளியே எடுத்து வைத்தது மாதிரி. உயிரோடு இருந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சுவருக்கும் கல், காளவாசலுக்கும் கல். எல்லாரும் செய்ததால் குற்றமாகத் தோன்றவில்லை, எடுக்க எடுக்க வந்ததால் தீரும் என்றும் தோன்றவில்லை.

தூத்துக்குடிக்கு எதிரே நாலு தீவுகள்: வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குச்சல்லி. இதில் விலாங்குச்சல்லி தண்ணீருக்குள் போய்விட்டது. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் அப்படியே. பாறை நின்று அலையை உடைத்துக் கொடுத்தவரைக்கும் மணல் நின்றது. பாறை போனதும் மணல் கரைந்தது. வான் தீவு எழுபதுகளில் பத்து ஹெக்டேருக்கு மேல் இருந்தது. 2015 வாக்கில் சுமார் இரண்டு ஹெக்டேர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்காவாக 1986-ல் அறிவித்தார்கள். 2001-ல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தது. அப்படியும் கல் எடுப்பது உடனே நிற்கவில்லை. சுனாமிக்குப் பிறகுதான் ஓய்ந்தது. இப்போது வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரிலேயே உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் பவளத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டிக் கடலுக்கடியில் நட்டு வளர்க்கிறது. எந்தச் சிமெண்டை மட்டம் என்று சொல்லிச் சுண்ணாம்பைப் புகழ்கிறோமோ, அந்தச் சிமெண்டின் மேல்தான் பவளம் மறுபடியும் துளிர்க்கிறது.

ஓலையும் தண்ணீரும் கல்லும் ஒரே வீட்டுக்குள்தான் இருந்தன, ஒரே ஆச்சிதான் மூன்றையும் புழங்கினாள். தண்ணீர் தீரும் என்று தெரிந்த இடத்தில் சிக்கனம் வந்தது. ஓலை வருஷா வருஷம் மரத்திலேயே முளைத்தது, அதனால் கெடுதல் இல்லாமல் போயிற்று. கல்லுக்கு இந்த இரண்டும் இல்லை. அவள் எதையும் தேர்ந்தெடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. பாலித்தீன் பை எண்பதுகளில் தெருவுக்குள் வந்தபோது, கழுவிக் காயப்போட்டு முதலில் பத்திரப்படுத்தியதே அவள்தான்.

போதும் என்று தெரிந்தே நிறுத்தியவர்கள் யார் என்று யோசித்தால், எனக்குச் சங்கு குளிக்கிறவர்கள்தான் ஞாபகம் வருகிறார்கள். அரசாங்கத்துச் சங்குக் கிடங்கில் ஒரு அளவு வளையம் இருந்தது. வளையத்துக்குள் நுழைந்துவிடுகிற சின்னச் சங்கு எடுப்பதற்கில்லை, உயிரோடு கடலுக்கே திரும்பிப் போக வேண்டியிருந்தது. முத்துக்குளிப்பும் நினைத்தபோது நடந்ததில்லை. கடலடியில் சிப்பி விளையும் பார்களைப் போய்ப் பார்த்து, மாதிரிக்குச் சிப்பி எடுத்து உடைத்து, முத்து விளைந்திருக்கிறதா என்று மதிப்புப் போட்ட பிறகுதான் குளிப்பு அறிவிப்பார்கள். இந்தக் கடலின் முத்துச் சிப்பியைப் பற்றி 1922-ல் ஜேம்ஸ் ஹார்னெல் எழுதியதைப் படித்தால், குளித்த வருஷங்களைவிடக் காத்திருந்த வருஷங்களே அதிகம் என்று தெரியும். 1955 தொடங்கி வந்த குளிப்பு வரிசை 1961-ல் நின்றது. அதன் பிறகு எங்கள் ஊருக்கு முத்து நகர் என்ற பெயர் மட்டும், ரயிலுக்கும் அதே பெயர்.

இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை. பரதவர் கிராமங்களில் அன்று கடலுக்குப் போகமாட்டார்கள். பூசைக்குப் போவார்கள், வலை பொத்துவார்கள், சீட்டாடுவார்கள். திங்கட்கிழமை காலை மார்க்கெட்டில் நல்ல மீன் கிடைக்காது என்பது வீட்டுக்கு வீடு தெரியும். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு, இல்லாவிட்டால் பழையசோறும் உள்ளியும். கடலுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று நினைத்து அவர்கள் படுக்கவில்லை, கர்த்தருடைய நாள் என்று படுத்தார்கள். எப்படியோ, வருஷத்தில் ஐம்பத்திரண்டு நாள் அந்தக் கடலில் வலை விழவில்லை. இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த மாதங்களில் வஞ்சிரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல், நாட்டுப்படகுக்காரர் கொண்டுவரும் சாளையையும் காரலையும் வாங்கித் தின்றால் உடம்புக்கும் நல்லது, பைக்கும் நல்லது. சாளையை ஏழை மீன் என்று ஒதுக்கியவர்களுக்கெல்லாம் இப்போது மருத்துவர்தான் அதை எழுதிக் கொடுக்கிறார்.

2019 ஜனவரி முதல் நாள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் அரசாங்கத்தின் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம். அந்த உற்சாகத்தில் மணப்பாட்டுப் பெண்கள் முடைந்த ஓலைப்பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு திரேஸ்புரத்துக்கு மீன் வாங்கப் போனேன். மீன் விற்கிற அக்கா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பெட்டி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஐஸ் மீனுல்லா, தண்ணி ஒழுகி வேட்டியெல்லாம் நாறிப் போவும். கவர்ல போட்டுத் தரட்டா?” அவள் சொன்னதும் நியாயம்தான். ஆச்சி வாங்கிய மீனில் ஐஸ் கிடையாது.

அதற்கப்புறம் எவர்சில்வர் தூக்குவாளி கொண்டுபோகிறேன். அதிலும் அவளுக்கு ஒரு வழக்கு இருக்கிறது. வெறும் வாளியை ஒருதடவை, மீனோடு ஒருதடவை எடை போட்டுக் கழிக்க வேண்டியிருக்கிறதாம். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுக்கிறார்களாம். “வாளியோட எடைய ஒரு சீட்டுல எழுதி அதுலயே ஒட்டிக் கொண்டாந்துருங்க அண்ணாச்சி” என்றாள். ஒட்டியிருக்கிறேன். மூடியோடு 640 கிராம்.