மெர்ரி ஓடைக் கரையின் கீரைப் பாத்திகள்

மெல்பர்ன் நகர மையத்திலிருந்து டிராமில் வடக்கே வந்தால் பிரன்ஸ்விக் கிழக்கு. மேற்கே லைகன் தெரு, கிழக்கே மெர்ரி ஓடை.   ஓடைக்கரைக்குப் போவோம்.

வுருந்ஜெரி பழங்குடி மக்களின் நிலம் இது. குடியேறிய வெள்ளையர்கள் எரிமலைக் கருங்கல்லுக்காக இதைத் தோண்டினார்கள். மெல்பர்னின் பழைய சந்துகளில் பாவியிருப்பதும், பக்கத்து ஊரான கோபர்க்கில் பென்ட்ரிஜ் சிறையைக் கட்டியதும் இந்த வகைக் கல்லால்தான். கல் எடுத்த குழியில் பிறகு குப்பை கொட்டினார்கள். 1982இல் ஊர்க்காரர்கள் சிலர் அந்த நாலரை ஹெக்டேரை நகரசபையிடம் குத்தகைக்கு வாங்கி, மண் சேர்த்து, மரம் நட்டு, சீரிஸ் என்ற சமூகப் பண்ணையை உண்டாக்கினார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை அங்கே போய்ப் பாருங்கள். குழந்தைகள் கோழிக்கூட்டை மொய்த்திருப்பார்கள். நாற்றுப்பண்ணையில் தக்காளிக் கன்று வாங்க வந்தவர்கள் எந்த ரகம் எப்போது காய்க்கும் என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள். குதிரைப் பந்தயம் நடக்கும் நவம்பரின் முதல் செவ்வாய்க்குள் தக்காளியை நட்டுவிட வேண்டும் என்பது மெல்பர்ன்காரர்களின் கணக்கு. ஓடையோடு வடக்கே நடந்தால் கோபர்க்கில் ஜோவின் தோட்டம் வரும். 150 ஆண்டுகளுக்கு மேல் விடாமல் பயிர் நடக்கும் மண் அது. முதலில் சீனர்கள், பிறகு ஓர் இத்தாலியக் குடும்பம், இப்போது சீரிஸ்காரர்கள்.

ஒரு காலத்தில் பண்ணை தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. தெருவே பண்ணையாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த இத்தாலியர்களும் கிரேக்கர்களும் முன்வாசலில் ஒலிவ மரம், பின்வளவில் தக்காளியும் அத்தியும் வைத்தார்கள். கோடை முடிகிற நாட்களில் குடும்பமே கூடித் தக்காளியைப் பிழிந்து, போத்தலில் அடைத்து, பெரிய அண்டாவில் அவிக்கும். என் வேலிக்கு அப்பால் இருந்த கிரேக்கப் பாட்டி, என் பாத்தியில் முளைக்கீரையைப் பார்த்ததும் "விலீதா!" என்று கூவினார். அவர் அதை அவித்து ஒலிவ எண்ணெயும் எலுமிச்சையும் விடுவார். நான் பருப்போடு கடைந்து தாளிப்பேன். வேலிக்கு மேலே கிண்ணங்கள் போய்வந்தன.

அறுத்த கையோடு சட்டிக்குப் போகிற கீரையில் ருசி மட்டுமல்ல, சத்தும் கூடுதல். பறித்த நேரத்திலிருந்து அதன் வைட்டமின் சி குறைந்துகொண்டே போகும். தொலைதூரம் போகும் தக்காளியைக் காயாகப் பறித்து எதிலீன் வாயுவில் சிவக்க வைக்கிறார்கள். நிறம் வரும், செடியில் பழுத்த இனிப்பு வராது. சூழலைக் காக்க உள்ளூர்க் காய் என்பார்கள். ஆனால் உணவின் கார்பன் கணக்கில் லாரிப் பயணம் பெரும்பாலும் சிறு பங்குதான். எதை உண்கிறோம் என்பதே பெரிது. எனக்கு அதைவிட முக்கியம், விளைவித்தவரின் கையில் காசு போவதும், இங்கே குளிர்காலமான ஜூலையில் தக்காளி காய்க்காது என்று பிள்ளைகள் தெரிந்து வளர்வதும்.

இன்று அந்த வளவுகள் எங்கே? பாட்டி போனபின் வீட்டை விற்றார்கள். அத்தியை வெட்டி, மண்ணைக் கான்கிரீட்டால் மூடி, மூன்று மாடி வீடுகள் எழும்பியிருக்கின்றன. லைகன் தெருவின் அடுக்குமாடிகளில் கறிவேப்பிலைத் தொட்டி வைக்கவும் வெயில் விழுவதில்லை. நகரைச் சுற்றியுள்ள விளைநிலங்கள் மெல்பர்னின் உணவுத் தேவையில் 41 சதவீதம் வரை கொடுக்க முடியும்; நகரம் இப்படியே பரந்தால் 2050இல் அது 18 சதவீதமாகலாம் என்று மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணித்தார்கள். கணித்து என்ன பயன்? நகர விளிம்பின் தோட்டங்களுக்கு மனைப்பலகை வந்துகொண்டே இருக்கிறது. நம் தமிழர்களும் குறைந்தவர்கள் இல்லை. பின்வளவுக்குக் கல் பாவிவிட்டு, உறைந்த முருங்கைக்காய் வாங்க அரைமணி நேரம் கார் ஓட்டுகிறோம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் கார் நிறுத்த இடத்தைக் கணக்குப் பார்த்து அனுமதி கொடுப்பவர்கள், நாலு கீரைப் பாத்திக்கு மண் எங்கே என்று ஏன் கேட்பதில்லை? ஊரின் பசியையும் ஏக்கத்தையும் ஒரு பழைய குப்பைக்குழியின் மேல் நிற்கும் பண்ணை மட்டும் எத்தனை நாளைக்குச் சுமக்கும்?