காற்றுக் கணக்கு

கோல்ஃப் பந்தை அடியேன் கையால் தொட்டதில்லை. ஆங்கிலேயர் 1829-லேயே கல்கத்தாவில் கோல்ஃப் சங்கம் ஏற்படுத்தினார்கள் என்பது தெரியும். ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடத்துக்கு நான் போகும் வழியில் தென்படுபவை கார்த் தொழிற்சாலைகளும் கண்டெய்னர் லாரிகளுமே. ஆயினும் ஆறு மாதமாகத் தினந்தோறும் கோல்ஃப் ஆடி வருகிறேன் - கைப்பேசியில்!

2017-ல் வெளிவந்த 'கோல்ஃப் கிளாஷ்' என்னும் விளையாட்டு அது. எதிரே எந்தத் தேசத்தவரோ ஒருவர். இருவரும் நாணயம் பணயம் வைக்கவேண்டும். (நிஜ நாணயமல்ல. என் மனையாள் இதை நம்ப ஒரு வாரம் பிடித்தது.) பந்தை விரலால் பின்னுக்கு இழுத்தால் ஒரு முள் ஊசலாடும், அது நடுவில் வரும் கணத்தில் விரலை எடுக்கவேண்டும். இதை நன்றாகவே கற்றேன். அப்படியும் தோற்றேன். கணித உபாத்தியாயனுக்கு இது அவமானம் அல்லவா?

ஒரு மாலை, தேநீர்க் கடை வாசலில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்ற பழைய மாணவன் ஒருவன் என் தோல்வியை எட்டிப் பார்த்தான்.

"காற்றைப் பார்க்கவில்லையே, ஸார்!"

திரையில் காற்றின் திசையும் வேகமும் காட்டப்பட்டிருந்தன. காற்று வலப்புறம் வீசினால் குறியை இடப்புறம் நகர்த்தவேண்டுமாம். எத்தனை வளையம் என்பது மட்டையைப் பொறுத்தது. ஒரு வளையத்துக்கு இரண்டு மைல் என்றால், எட்டு மைல் காற்றுக்கு நான்கு வளையம். தூரம் குறைந்தால் காற்றின் பிடியும் தளரும்.

"முதல் அடியிலேயே பலத்தையெல்லாம் காட்டாதீர்கள், ஸார். இரண்டாவது அடியை எங்கிருந்து அடித்தால் சுலபம் என்று பாருங்கள். பந்தை அங்கே கொண்டு போய் வைத்தால் போதும்."

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்தான். மட்டைவாரியாக, காற்றுவாரியாக, கட்டம் போட்டு எழுதிய அட்டவணை. அந்தக் கோணல் எழுத்தை எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் அதே எழுத்துள்ள விடைத்தாளைத் தூக்கிக் காட்டி, "உனக்குக் கணக்கு இந்த ஜன்மத்தில் வராது" என்று வகுப்பறியச் சொன்னவன் நான்.

"யாரப்பா சொல்லிக் கொடுத்தது?"

"யாருமில்லை, ஸார். தோற்றபோதெல்லாம் குறித்து வைத்தேன்."

மன்னிப்பை அங்கேயே கேட்டிருக்கலாம். "இரும்பு மட்டைக்கு எத்தனை?" என்றுதான் கேட்டேன். நான்கு வரி எழுதிக்கொள்வதற்குள் பஸ் வந்துவிட்டது.

"மீதியை நாளைக்கு எழுதிக்கொள்ளுங்கள், ஸார்."

மறுநாள் அரை மணி முன்னதாகவே போய் நின்றேன்.