பாலையில் இருவர் – 4: தண்ணீர் போகும் வழி

சென்ற இதழில் வேலி ஆஃப் ஃபயர் பூங்காவின் செம்பாறைகளில் பழங்குடியினர் கீறி வைத்த உருவங்களோடு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து லாஸ் வேகாஸ் ஒரு மணி நேரப் பயணம். வழியெங்கும் கிரியோசோட் புதரும் சரளை மண்ணும்தான். பிறகு ஒரு மேடு ஏறி இறங்கியதும் மொத்த ஊரும் கண்முன் வந்து நிற்கிறது. ஆண்டுக்கு நாலு அங்குலம் மழை பெய்தால் பெரிய விஷயம் என்கிற மண்ணில், இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஊர்.

இந்தப் பயணத்துக்கு எங்களுக்குள் ஓர் உடன்படிக்கை உண்டு. பகல் எனக்கு, இரவு என் மனைவிக்கு. பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் காலம் தள்ளியவன் நான். எங்கே போனாலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்றுதான் கண் தேடும். அவளுக்குக் கூட்டமும் வெளிச்சமும் வேண்டும். வேகாஸில் அவள் முறை முதலில் வந்தது.

பார்க்க வேண்டியவை எல்லாம் ஸ்ட்ரிப் என்கிற நாலு மைல் சாலையிலேயே இருக்கின்றன. பாதி உயரத்தில் ஓர் ஈஃபில் கோபுரம், கூரைக்குள் வெனிஸ் கால்வாய், எகிப்தியப் பிரமிடு, எல்லாமே ஓட்டல்கள். எதிலும் நுழைந்தவுடன் சூதாட்டக் கூடம்தான். லிஃப்டுக்குப் போவதென்றாலும் கண்சிமிட்டும் இயந்திரங்களுக்கு நடுவே ஒரு சுற்று சுற்றித்தான் போகவேண்டும். நெவாடா மாநிலம் 1931-ல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. ஆசைக்கு ஒரு டாலர் போட்டுப் பார்க்கலாமா என்றேன். "ஏங்க, இங்க நிக்கிற கட்டடம் பூரா தோத்தவங்க காசுலதான் எழும்பியிருக்கு. நம்ம பங்குக்கு ஒரு செங்கல் வேணுமா?" என்றாள். பர்ஸ் பைக்குள் போய்விட்டது.

2023-ல் திறந்த ஸ்ஃபியர் அரங்கம் 366 அடி உயர உருண்டை. அதன் வெளித்தோல் முழுக்க எல்.இ.டி. திரை. ஒரு நிமிடம் நிலாவாக இருக்கும், அடுத்த நிமிடம் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். உள்ளே போகக் கட்டணம் அதிகம். வெளியே நின்று பார்க்கக் காசில்லை என்பதால் வெளியிலேயே நன்றாகப் பார்த்துவிட்டோம்.

நாங்கள் இருவரும் ஒருமனதாக நின்ற இடம் பெல்லாஜியோ நீரூற்று. எட்டரை ஏக்கர் ஏரியில் 1,200-க்கும் மேற்பட்ட குழாய்முனைகள். இருட்டிய பிறகு கால் மணிக்கு ஒருமுறை, பாட்டுக்குத் தக்கபடி தண்ணீர் வளைகிறது, சுழல்கிறது, உச்சத்தில் 460 அடி வரை பாய்கிறது. மனைவி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெய்மறந்திருந்தாள். நான் பாலைக்காற்றில் எவ்வளவு ஆவியாகும் என்று வாய்விட்டே கணக்குப் போட ஆரம்பித்தேன். "கணக்கை ரூமுக்கு வந்து போடுங்க" என்று உத்தரவாயிற்று.

ரூமுக்கு வந்து தேடிப் பார்த்ததில் என் கோபத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பெல்லாஜியோ நிற்கும் இடத்தில் முன்பு டியூன்ஸ் என்ற ஓட்டலும் அதன் கோல்ஃப் மைதானமும் இருந்தன. அந்தப் புல்லுக்கு நீர் பாய்ச்சிய பழைய கிணறுதான் இப்போது ஏரியை நிரப்புகிறது. கோல்ஃப் மைதானம் குடித்ததைவிட நீரூற்று குறைவாகவே குடிக்கிறது.

அதைவிட வியப்பு ஊரின் கழிவுநீர் ஏற்பாடு. குளியலறை, சமையலறை, ஓட்டல் சலவைக்கூடம் என்று கூரைக்குள் செலவாகி வடிகாலில் இறங்கும் தண்ணீர் ஏறக்குறைய முழுவதும் சுத்திகரிக்கப்படுகிறது. பெரும்பகுதி லாஸ் வேகாஸ் வாஷ் என்னும் ஓடை வழியாக, ஊருக்குத் தண்ணீர் தரும் கொலராடோ ஆற்றின் மீட் ஏரிக்கே திரும்புகிறது. திருப்பி விட்ட அளவுக்கு மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே இங்கே ஒருவர் ஒரு மணி நேரம் குளித்தாலும் ஊருக்குப் பெரிய நஷ்டமில்லை. வாசலில் புல்வெளி வளர்த்தால்தான் நஷ்டம், ஏனென்றால் மண்ணில் ஊற்றியது திரும்பி வராது. புல்லைப் பெயர்த்தெடுப்பவர்களுக்கு 1999 முதல் குடிநீர் வாரியமே பணம் கொடுக்கிறது. 20 கோடி சதுர அடிக்கும் மேல் புல் போய்விட்டது. சாலை நடுவிலும் அலுவலக வாசலிலும் வெறும் அழகுக்காக வளர்க்கும் புல்லுக்கு 2027 முதல் ஆற்று நீர் கிடையாது என்று 2021-ல் சட்டமே போட்டார்கள். நடைபாதையில் தண்ணீரை ஓடவிடும் வீடுகளைப் பிடிக்கத் தெருத்தெருவாக ஆய்வாளர்கள் சுற்றுகிறார்கள். 2002-க்குப் பிறகு மக்கள்தொகை ஏழு லட்சத்துக்கும் மேல் கூடியிருக்கிறது. ஆற்றிலிருந்து செலவாகும் தண்ணீரோ குறைந்திருக்கிறது.

மேட்டூர்க்காரன் பார்த்த ஹூவர் அணை

பகல் என் முறை. ஊரிலிருந்து முக்கால் மணி நேரத்தில் ஹூவர் அணை. 726 அடி உயரம். 1935 செப்டம்பரில் அதிபர் ரூஸ்வெல்ட் வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தார். எங்கள் மேட்டூர் அணை அதற்கு ஓராண்டு முன்னதாக, 1934-லேயே திறக்கப்பட்டுவிட்டது. நீளத்திலும் மேட்டூர்தான் பல மடங்கு. இதை அங்கேயே மனைவியிடம் இரண்டு முறை சொன்னேன்.

கொள்ளளவு என்று வரும்போது பேச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். மேட்டூர் 93.47 டி.எம்.சி. ஹூவர் தேக்கும் மீட் ஏரி நிரம்பினால் ஆயிரம் டி.எம்.சி.க்கும் மேல். ஆனால் நிரம்புவதில்லை என்பதுதான் கதை. ஏரியைச் சுற்றிப் பாறைகளில் வெள்ளை வெளேரென்று ஒரு பட்டை ஓடுகிறது. பழைய நீர்மட்டம் விட்டுப்போன சுண்ணப் படிவு அது. 2022 ஜூலையில் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 1,040 அடி உயரத்துக்கு இறங்கியது. 1937-ல் ஏரி நிரம்பிக்கொண்டிருந்த காலத்துக்குப் பிறகு அவ்வளவு தாழ்ந்தது அப்போதுதான்.

கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்கள் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தம் 1922-ல் போடப்பட்டது. நம் காவிரிக்கு மதராஸ் மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் கையெழுத்திட்டது 1924-ல். கொலராடோவின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் ஆண்டுக்குத் தலா 75 லட்சம் ஏக்கர்-அடி, அதாவது சுமார் 327 டி.எம்.சி. என்று எழுதினார்கள். கணக்குக்கு எடுத்துக்கொண்ட வருடங்கள் வழக்கத்தைவிட நல்ல மழை பெய்தவை. ஆற்றில் ஓடுவதைவிடத் தாளில் எழுதியது அதிகமாகிப்போனது. கீழ்ப்பகுதியின் பங்கில் கலிஃபோர்னியாவுக்கு 192 டி.எம்.சி., நெவாடாவுக்கு வெறும் 13. இந்தப் பங்கு 1928-ல் சட்டமானபோது வேகாஸ் சில ஆயிரம் பேர் வாழ்ந்த ரயிலடி ஊர், கேட்பதற்கும் ஆளில்லை. நேற்றிரவு பார்த்த சிக்கனத்துக்கெல்லாம் வேர் இந்த 13-ல் இருக்கிறது.

அணையின் நடுவில்தான் நெவாடாவுக்கும் அரிசோனாவுக்கும் எல்லை. நீர் உறிஞ்சும் கோபுரங்களில் இரு மாநிலங்களுக்கும் தனித்தனிக் கடிகாரம். குளிர்காலத்தில் இரண்டுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். முகப்பில் அமர்ந்திருக்கும் இரண்டு வெண்கலச் சிறகு மனிதர்களின் கால்விரலைத் தேய்த்தால் அதிர்ஷ்டமாம். தேய்த்துத் தேய்த்து விரல்கள் மட்டும் பொன்னாய் மின்னுகின்றன. சூதாட மாட்டேன் என்றவள் விரலைத் தேய்க்க வரிசையில் நின்றாள். "இதுக்குக் காசு கேக்கலையே" என்றாள்.

வழக்கில் வென்ற மீன்

டெத் வேலி தேசியப் பூங்காவுக்கு விடியற்காலையில் கிளம்பினோம். பாரம்ப் என்ற ஊரில் பெட்ரோல் நிரப்பி, ஆஷ் மெடோஸ் சரணாலயம் வழியாகச் சுற்றிப் போனோம். அங்கே டெவில்ஸ் ஹோல் என்று பாறைப் பிளவுக்குள் ஒரு சுனை. டெத் வேலி தேசியப் பூங்காவைச் சேர்ந்ததுதான், ஆனால் தனித்துக் கிடக்கிறது. ஆழம் இன்னும் அடி காணப்படவில்லை. வருடம் முழுக்க வெதுவெதுப்பாக, சுமார் 34 டிகிரியில் இருக்கும் அந்த நீரில் ஒரு அங்குல நீலமீன் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இயற்கையாக அது இல்லை. 1960-களின் இறுதியில் அருகிலிருந்த ஒரு பண்ணை ஆழ்துளைக் கிணறுகள் போட்டது. சுனை இறங்கி, மீன்கள் முட்டையிடும் பாறைத் திட்டு வெளியே தெரிந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1976-ல் மீனுக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று: நிலத்தடி நீரை எடுக்கலாம், சுனை குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. 2013-ல் எண்ணியபோது மிஞ்சியிருந்தவை 35 மீன்கள். வேலிக்கு வெளியே மேடையிலிருந்து எட்டிப் பார்க்கலாம். எங்கள் கண்ணுக்குத் தண்ணீரின் ஒரு கீற்றுதான் கிடைத்தது. ஆழ்துளைக் கிணறுகளுக்கு அனுமதிக் கோப்பு நகர்த்திய கை என்பதால் நான் அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றேன்.

அடுத்து டெத் வேலி ஜங்ஷன். ஊர் என்று சொல்ல ஒரு வெள்ளைக் கட்டட வரிசைதான். 1967-ல் மார்ட்டா பெக்கெட் என்ற நியூயார்க் நடனக்காரி காரில் வந்தபோது டயர் காற்றுப் போய் இங்கே நின்றார். பூட்டிக் கிடந்த சமூகக் கூடம் கண்ணில் பட்டது. வாடகைக்கு எடுத்து ஆடத் தொடங்கினார். பார்க்க ஆள் வராத இரவுகளும் உண்டு. அதனால் சுவர் முழுக்க ராஜா, ராணி, பாதிரியார், சீமாட்டிகள் என்று ரசிகர்களைத் தானே வரைந்து உட்கார வைத்தார். 2012 வரை மேடையேறினார், 2017-ல் மறைந்தார். வேகாஸின் பல்லாயிரம் இருக்கை அரங்குகளைப் பார்த்துவிட்டு வந்த என் மனைவிக்கு இந்தப் பயணத்திலேயே பிடித்தது இந்தக் கதைதான். "ஆள் வரலைன்னா ஆட்டத்தை நிறுத்தறதுதான உலக வழக்கம்" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வெளியேறாத தண்ணீர்

டெத் வேலி என்று பெயர் வைத்துவிட்டுப் போனவர்கள் 1849-ல் தங்கம் தேடி வந்து வழி தவறியவர்கள். டிம்பிஷா ஷொஷோனி மக்களுக்கு அது காலங்காலமாக வீடு. 2000-ல் ஒரு சட்டத்தின் மூலம் நிலத்தில் ஒரு பகுதி அவர்களிடம் திரும்ப வந்தது. பூங்காவின் நடுவே ஃபர்னஸ் கிரீக் கிராமத்தில் இன்றும் இருக்கிறார்கள். 1913 ஜூலை 10-ல் இங்கே பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் இன்றுவரை உலகச் சாதனை. நாங்கள் போனது குளிர்கால முடிவில் என்பதால் மேலே ஒரு சட்டையோடு நடக்க முடிந்தது.

பேட்வாட்டர் வடிநிலம் கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே. வட அமெரிக்காவில் இதைவிடத் தாழ்ந்த நிலம் இல்லை. காரை நிறுத்திவிட்டு அண்ணாந்தால், மலைச்சரிவின் உயரத்தில் 'கடல் மட்டம்' என்று ஒரு பலகை. கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் உப்பு, அறுகோணங்களாக வரம்பு கட்டிக்கொண்டு விரிந்து கிடக்கிறது. சுற்றியுள்ள மலைகளில் பெய்கிற மழையும், எப்போதாவது பெருகும் அமர்கோசா ஆறும் இங்கே வந்து சேரும். இங்கிருந்து கடலுக்கு வழி கிடையாது. வந்த தண்ணீர் வெயிலோடு போய்விடும், கொண்டுவந்த உப்பை மட்டும் விட்டுப் போகும். பனியுகத்தில் சுமார் 600 அடி ஆழ ஏரி இருந்த இடம் இது. ஆண்டுக்கு இரண்டு அங்குல மழை. 2023 ஆகஸ்டில் ஹிலரி புயலின்போது ஒரே நாளில் 2.2 அங்குலம் பெய்து, பழைய ஏரி மறுபடி எழுந்து வந்தது. அடுத்த பிப்ரவரியில் இன்னொரு மழை சேர, சில வாரங்கள் அதில் கயாக் படகு விட அனுமதித்தார்கள். பிறகு அதுவும் வற்றி உப்பானது.

ஆர்ட்டிஸ்ட்ஸ் பேலட் குன்றுகளில் இரும்புத் தாதுக்களும் மற்றவையும் காற்றுப்பட்டுச் சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா என்று நிறம் காட்டுகின்றன. "கோலப்பொடி வண்டி கவுந்த மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. ஹார்மனி பட்டறையில் 1883 முதல் 1888 வரை வெண்காரம் காய்ச்சினார்கள். நம் ஊரில் பொற்கொல்லர் நகை பற்றவைக்கும் அதே வெண்காரம்தான். உப்புத் தரையிலிருந்து சுரண்டி எடுத்தவர்கள் சீனக் கூலிகள். இருபது விலங்குகள் பூட்டிய வண்டிகள் 165 மைல் இழுத்துப்போய் ரயிலடியில் சேர்த்தன. அந்த வண்டித் தொடரில் கடைசியாக ஓடியது 1,200 காலன் தண்ணீர்த் தொட்டி. வெளியேற வழியில்லாத தண்ணீர் விட்டுப்போன சரக்கை வெளியே கொண்டுபோக, தண்ணீரையும் கூடவே கட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

வேகாஸும் டெத் வேலியும் ஒரே வெயிலில் கிடக்கும் அண்டை நிலங்கள். ஒன்றில் தண்ணீர் திரும்பி வர வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள், அங்கே ஊர் நிற்கிறது. மற்றதில் வாய்க்கால் இல்லை, உப்பு நிற்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு இவ்வளவு தெளிவான பாடம் எனக்கு நடத்தியவர்கள் இல்லை.

டெத் வேலிக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். கோடையில் காரை விட்டு இறங்கி நடப்பதை மறந்துவிடுங்கள். நுழைவுக் கட்டணம் ஒரு காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். பூங்காவுக்குள் பெட்ரோல் விலை அதிகம், கைபேசிக்குப் பெரும்பாலும் சிக்னல் இருக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். ஆளுக்கு ஒரு காலன் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும். சைவ உணவு கிடைப்பது சிரமம். எங்கள் புளியோதரை மாலை வரை தாக்குப் பிடித்தது.

அடுத்த வாரம் ஜாஷுவா ட்ரீ தேசியப் பூங்கா. அங்கே பகலும் தனக்கே வேண்டும் என்று மனைவி இப்போதே உடன்படிக்கையைத் திருத்தக் கேட்கிறாள். பேச்சுவார்த்தை நடக்கிறது.