மருதுவின் மகன் கரையேறிய தீவு

பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனின் கார்ன்வாலிஸ் கோட்டையில் ஸ்ரீ ரம்பாய் என்றொரு டச்சுப் பீரங்கி கடலைப் பார்த்து நிற்கிறது. 1603 என்று ஆண்டு பொறித்தது. பிள்ளை வரம் வேண்டி அதன் வாயில் பூச்செருகிய பெண்கள் உண்டு. பீரங்கிக்கே இப்படிக் கதை முளைத்த ஊர் இது. ஆனால் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி கைதியாக வந்திறங்கிய தீவும் இதுதான் என்பது, கோட்டை பார்க்க வரும் தமிழர்களிலேயே பலருக்குத் தெரியாது.

1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில், தங்களை எதிர்த்த சிவகங்கையின் மருது சகோதரர்களைக் கிழக்கிந்தியக் கும்பினியார் தூக்கிலிட்டார்கள். அதை அரசியல் கொலை என்றே சொல்வேன். சரணடையாவிட்டால் காளையார்கோவில் கோபுரத்தை இடிப்போம் என்று வெள்ளையர் மிரட்ட, கோபுரத்தைக் காக்க அவர்களே வந்து நின்றார்கள் என்பது சிவகங்கைச் சீமையின் கதை. கும்பினிப் படையில் இருந்த கர்னல் வெல்ஷின் நினைவுக்குறிப்பு வேறு சொல்கிறது. காட்டில் வேட்டையாடி, தொடை எலும்பு முறிந்த நிலையில் சின்ன மருதுவைப் பிடித்தார்களாம். வெல்ஷுக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான். கோபுரக் கதையில் மக்களின் பக்தி தெரிகிறது. ஆனால் அது தூக்குமரத்தோடு முடிந்துவிடுகிறது. தண்டனை அங்கே முடியவில்லை.

1802 பிப்ரவரியில் மருதிருவரைச் சார்ந்த எழுபதுக்கும் மேற்பட்டோரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். அவர்களில் ஒருவரான துரைச்சாமிக்கு வயது பதினைந்து. பிரான்சிஸ் லைட் 1786இல் நிபோங் பனைமரங்களை நட்டுக் கட்டிய கார்ன்வாலிஸ் கோட்டைக்குச் செங்கற்சுவர் எழுந்ததும் இவர்கள் வந்திறங்கிய அந்தப் பத்தாண்டில்தான், இந்தியக் கைதிகளின் உழைப்பில்.

1818இல் பினாங்கு வந்த வெல்ஷின் முன் நலிந்த கிழவர் ஒருவர் வந்து நின்றார். பெயர் கேட்டதும் வெல்ஷ் அதிர்ந்துபோனார். துரைச்சாமி! வயது முப்பதைச் சற்றே தாண்டியிருந்தது. ஊரில் மிஞ்சிய உறவுகளுக்கு ஒரு கடிதம் கொண்டுபோகக் கேட்டார். அதற்கும் வெல்ஷுக்கு அனுமதி இல்லை.

மருதிருவரின் வீரத்தைப் பாட எந்தப் புனைவும் வேண்டாம், இந்தக் கடிதம் ஒன்றே போதும் என்பேன். காளையார்கோவிலில் ஆண்டுதோறும் குருபூசை நடத்துவோரும் பினாங்குத் தமிழ் அமைப்புகளும் கைகோத்து, துரைச்சாமி பெயரையும் அவரோடு வந்தவர்களின் பெயர்களையும் பொறித்த கல்லொன்றை இந்தக் கோட்டையருகே நாட்ட வேண்டும்.